யாழ்ப்பாணக் குடாநாட்டின் பண்பட்ட நிலம்: பிரிவுகள்தோறும் அதன் பயன்பாடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நிலத்தை இயற்கை தந்த பொருளெனக் கொள்வது பொதுவழக்கு. ஆயின் பல தலைமுறையினரின் உழைப்பால் உடைக்கப்பட்டு, எருவிடப்பட்டு, நீர் இறைக்கப்பட்டுப் பண்பட்டுவிட்ட நிலத்தை இயற்கையின் கொடையென்று மட்டும் கூறிவிட முடியாது. அது உழைப்பின் திரட்சி. அந்நிலத்து மக்களின் மிகப் பழைய முதுசொம். ஆறுகளும் பெரும் அணைகளும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என வழங்கும் அதன் நான்கு பிரிவுகளிலும் வளவு, தோட்டம், வயல், பனங்கூடல், தரவை என்னும் ஐவகை நிலங்கள் உண்டு. ஆயினும் அவை ஒவ்வொரு பிரிவிலும் வெவ்வேறு அளவில் அமைந்தன. இவ்வேறுபாட்டுக்கு மண் ஒரு காரணம். வரலாறு மற்றொரு காரணம். எந்த நிலம் மிகுந்த உழைப்பால் பண்படுத்தப்பட்டதோ அந்த நிலமே இன்று கட்டடங்களால் மிகுதியாக மூடப்படுகின்றது என்பதே இவ்வரலாற்றை மீள நோக்கவேண்டிய தேவையை ஏற்படுத்துகின்றது.

நிலமும் நீரும்

குடாநாடும் அதனைச் சார்ந்த தீவுகளும் ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர் பரப்புடையன. மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லே இதன் அடித்தளம். ஆண்டு மழைவீழ்ச்சி சராசரியாக 1,250 மில்லிமீற்றர் அளவினது. அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் திசெம்பர் வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்றால் கிடைப்பது. வலிகாமத்தின் தாழ்நிலங்களூடாகச் சென்று அராலிப் பக்கத்தில் கடலேரியை அடையும் வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும் ஒரு வடிகாலேயன்றி வேறன்று. எனவே எஞ்சிய மாதங்களுக்கெல்லாம் நிலத்தடி நீரே ஆதாரம்.

சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதந்து நிற்கின்றது. புத்தூரிலுள்ள நிலாவரைக் கேணியில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருத்தல் இவ்வமைப்பைக் கண்கூடாகக் காட்டும். நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் மேலேறும். மழைநீர் நிலத்துள் இறங்காது தடைப்பட்டால் வில்லை மெலியும். இவ்விரண்டையும் அனுபவத்தால் அறிந்த சமூகமே ஆயிரத்தை அண்டிய குளங்களையும் கேணிகளையும் குடாநாடெங்கும் தோண்டிப் பேணியது. அக்குளங்கள் பெரும்பாலும் நேரடியாக வயலுக்குப் பாய்ச்சுவதற்கு அமைந்தவையல்ல. மாரிநீரைத் தேக்கி, ஆறுதலாக நிலத்துள் இறங்கவிட்டு, அயற்கிணறுகளின் ஊற்றைக் காப்பதே அவற்றின் தலையாய பணி.

மண்வகையும் சீரானதன்று. வலிகாமத்தின் நடுப்பகுதியிலும் வடமராட்சியின் மேற்குப் பகுதிகளிலும் நன்னீரூற்றோடு கூடிய செம்மண் உண்டு. தென்மராட்சியிலும் வடமராட்சிக் கிழக்கிலும் மணற்பாங்கான நிலம் மிகுதி. கடலேரிகளின் ஓரங்களில் உவர்மண்ணும் தரவையும் காணப்படும். தீவுகளிலோ பாறை மேற்கிளம்பிய நிலமும் ஆழமற்ற மண்ணும் பெரும்பான்மை. செம்மண்ணும் நன்னீரும் ஒருங்கே அமைந்த இடமே குடாநாட்டின் இதயம் எனலாம்.

தொல்குடியிருப்புகள்

வலிகாமத்தின் செம்மண் நிலத்தில் மனிதர் நிலைத்துக் குடியிருந்தமைக்குத் தொல்லியற் சான்றுகள் உள. 1917ஆம் ஆண்டளவில் போல் ஈ. பீரிஸ் கந்தரோடையின் தொல்சின்னங்களை ஆராயத் தொடங்கினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையின் அகழ்வு அவ்வூரின் பெருங்கற்காலத் தொடர்பை வெளிப்படுத்தியது. 1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழ்வில் பெருங்கற்கால ஈமப் புதையலும் எழுத்துப் பொறித்த முத்திரையும் கிடைத்தன. இவ்விரு இடங்களும் தாழ்ந்த வயல்நிலத்துக்கு அண்மையில் அமைந்திருத்தல் கருதத்தக்கது. நெல் விளையும் பள்ளமும் குடியிருக்கும் மேடும் அடுத்தடுத்து அமைந்த இடத்தையே தொல்குடிகள் தெரிந்தனர் என்று ஊகிக்க இஃது இடந்தருகின்றது.

வடமராட்சியில் வல்லிபுரத்திற் கிடைத்து 1936இல் அறியப்பட்ட பொன்னேடு, மணற்பாங்கான கரையோரமும் பழங்காலத்திலேயே குடியிருப்பைப் பெற்றிருந்தமையை உணர்த்தும். ஆயின் அத்தகைய இடங்களின் வாழ்வு துறைமுகத்தையும் வாணிகத்தையும் சார்ந்தது. வலிகாமத்தின் வாழ்வோ மண்ணைச் சார்ந்தது. பின்வந்த காலத்தில் நல்லூர் அரசிருக்கையாக விளங்கியபோது, செம்மண் நிலத்தின் விளைவும் துறைமுகத்தின் வருவாயும் ஒரே மையத்தை நோக்கித் திரண்டன.

தோம்பும் தேசவழமையும்

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். இவ்விரு ஆட்சியினரும் இறைவருவாயின்பொருட்டுக் காணிகளைத் தோம்புகளிற் பதிந்தனர். ஊர் ஊராக, காணி காணியாக, உடையவரின் பெயரோடு நிலம் எழுதப்பட்டமை ஒரு முக்கிய மாற்றமாகும். அதுவரை ஊரவரின் நினைவிலும் வழக்கிலும் நின்ற உரிமை, ஏட்டில் ஏறிய உரிமையாயிற்று. கோட்டையை அண்டிய யாழ்ப்பாணப் பட்டினம் நல்லூரின் இடத்தைப் பிடித்ததும் இக்காலத்திலேயே.

ஒல்லாந்த ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழமைகளைத் தொகுத்து 1707இல் அளித்தார். பன்னிரு முதலியார்கள் அதனை ஆராய்ந்து ஒப்புக்கொண்டனர். தேசவழமை எனப்படும் இத்தொகுப்பு 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் பிரித்தானியர் ஆட்சியிலும் நிலைபெற்றது.

நிலப்பயன்பாட்டின் வரலாற்றில் தேசவழமையின் செல்வாக்கு மூவகையாக வெளிப்பட்டது. முதலாவது, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் பகுப்பு. பெண்மக்கள் ஒவ்வொருவருக்கும் சீதனமாக வளவோ தோட்டமோ கொடுக்கப்பட்டமையால் காணிகள் தலைமுறைதோறும் துண்டாயின. இரண்டாவது, முற்கொள்ளும் உரிமை. ஒருவர் தம் பங்கை விற்கும்போது உரிமைக்காரருக்கும் பங்காளிகளுக்கும் அயற்காணிக்காரருள் ஒற்றி பிடித்தோருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும் என்ற விதி, பிறர் எளிதில் ஊரினுள் காணி கொள்வதைத் தடுத்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இவ்வுரிமையை ஒழுங்குபடுத்தியது. மூன்றாவது, ஒற்றி. காசு தேவைப்பட்டோர் காணியை விற்காமலே அதன் விளைவை வட்டிக்கு ஈடாகக் கொடுத்து மீட்டுக்கொள்ள இவ்வழக்கம் உதவிற்று.

காணியின் அளவையும் ஈண்டு நோக்கத்தக்கது. யாழ்ப்பாணத்து உறுதிகளில் மேட்டுக்காணி இத்தனை பரப்பு வரகு என்றும், தாழ்காணி இத்தனை பரப்பு நெல் என்றும் எழுதப்படும். ஒரு காணியை விதைக்கத் தேவையான விதையின் அளவைக் கொண்டே பரப்பு கணிக்கப்பட்டமையை இது காட்டும். வரகுப் பரப்பு பதினாறு கொண்டது ஓர் ஏக்கர். இன்று வரகு விதைப்பார் அரிது. எனினும் மாடிவீடு எழும்பிய வளவும் உறுதியில் வரகாலேயே அளக்கப்படுகின்றது. வளவாக மாறிய நிலமும் ஒருகாலத்தில் விதைநிலமாகவே எண்ணப்பட்டது என்பதற்கு இதனிலும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

புகையிலையும் தோட்டமும்

ஒல்லாந்தர் காலத்தில் யானை, பனைமரம், சாயவேர், சங்கு என்பவற்றோடு புகையிலையும் யாழ்ப்பாணத்தின் முதன்மையான ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்றாயிற்று. திருவிதாங்கூர்ச் சந்தை அதன் பெருங்கொள்வனவிடமாக விளங்கியது. பிரித்தானியர் ஆட்சியிலும் இவ்வாணிகம் தொடர்ந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை வலுவுடன் நின்றது.

புகையிலை எருவை மிகுதியாக வேண்டும் பயிர். கோடையில் இடையறாத நீரையும் வேண்டும். இதன்பொருட்டே வலிகாமத்துச் செம்மண் நிலத்தில் கிணறுகள் பெருகின. சுண்ணாம்புக்கல்லைக் கையால் உடைத்துக் கிணறு தோண்டுதல் ஒரு குடும்பத்தால் மட்டும் இயல்வதன்று. பலர் கூடித் தோண்டிப் பங்குகொண்டனர். உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வாய்க்கால் வழியும் காணியோடு சேர்த்து எழுதப்பட்டன. துலாவின்மேல் ஒருவர் மிதிக்க, மற்றொருவர் பட்டையால் நீர் அள்ள, வேறொருவர் வாய்க்கால் கட்டிப் பாத்திகட்குத் திருப்பும் முறை நெடுங்காலம் நிலவியது. உடலுழைப்பால் இறைக்கத்தக்க அளவே நீர் எடுக்கப்பட்டமையால் நன்னீர் வில்லையும் காக்கப்பட்டது.

மண்ணுக்கு ஊட்டம் அளித்த முறைகள் பலவாகும். மாட்டுப்பட்டியும் ஆட்டுப்பட்டியும் இரவில் தோட்டத்தில் அடைக்கப்பட்டன. வன்னியிலிருந்தும் அயற்காடுகளிலிருந்தும் வண்டிகளிற் குழை வந்தது. பூவரசு, கிளுவை, முள்முருக்கு முதலான வேலிமரங்களின் குழையும் தோட்டத்தில் தாழ்க்கப்பட்டது. வேலியடைத்துக் கழித்த பழைய பனையோலையும் மண்ணிற் புதைக்கப்பட்டது. ஆகவே வளவைச் சூழ்ந்த வேலி எல்லையைக் காட்டியதோடு அமையாது தோட்டத்தின் எருக்களஞ்சியமாகவும் விளங்கியது. வளவும் தோட்டமும் பனங்கூடலும் ஒன்றையொன்று ஊட்டி நின்ற இம்முறையில் எந்த ஒரு நிலவகையும் தனித்து இயங்கவில்லை. பாறை மேற்கிளம்பிய கலட்டி நிலத்திற்கூட மண் சுமந்து நிரப்பித் தோட்டமாக்கிய முயற்சிகள் நடந்தன. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காணி ஆக்கப்பட்ட நிலம் என்று கூறுவது இக்காரணத்தாலேயாம்.

இவ்வுழைப்பு யாவருக்கும் சமமான உரிமையைத் தரவில்லை என்பதையும் மறைத்தலாகாது. மண்ணைக் கொத்தியோரும் நீர் இறைத்தோரும் பனை ஏறியோரும் பலவிடங்களில் காணி உடையவரல்லர். சாதிக் கட்டமைப்பு அவர்களைப் பிறர் காணியிற் குடியிருப்போராகவும், பொதுக்கிணற்றில் நீர் அள்ளும் உரிமையற்றோராகவும் நெடுங்காலம் வைத்திருந்தது. நிலம் பண்பட்ட வரலாற்றில் இவர்களின் பங்கு தோம்பேடுகளில் உரிமையாகப் பதிவுபெறாத பங்காகும்.

பிரிவுகள்தோறும் அமைந்த வேறுபாடு

இத்தகைய முறைமை நான்கு பிரிவுகளிலும் ஒரேவகையாக அமையவில்லை. வலிகாமத்தில் வளவும் தோட்டமும் மிக நெருங்கியிருந்தன. குப்பிழான், ஏழாலை, புன்னாலைக்கட்டுவன், உரும்பிராய், நீர்வேலி முதலிய ஊர்களில் தோட்டங்கள் தொடர்வெளிகளாக விரிந்தன. வட்டுக்கோட்டை, அராலி, சண்டிலிப்பாய், நவாலிப் பக்கத்தில் மாரிநெல் விளையும் வயல்கள் அமைந்தன. கடலை அடுத்த மயிலிட்டி, காங்கேசன்துறை போன்ற இடங்களில் மீன்பிடியும் தோட்டமும் அருகருகே நடைபெற்றன.

வடமராட்சியில் கரவெட்டி, உடுப்பிட்டி, புலோலிச் சூழலில் தோட்டமும் வயலும் இருந்தன. கரையோரத்திலோ நிலத்தைவிடக் கடலே பெருவாழ்வளித்தது. பர்மாவரை கப்பலோட்டிய வல்வெட்டித்துறையில் நெருங்கிய வீடுகளும் ஒடுங்கிய ஒழுங்கைகளும் அமைந்தமைக்கு அவ்வூரவரின் செல்வம் மண்ணிற் கிடக்கவில்லை என்பதே காரணம். கிழக்கே மணற்காடு, அம்பன், குடத்தனை வழியாகச் செல்லும் மணல்மேடுகள் குடியிருப்புக்கு உகந்தவையல்ல. ஆயினும் கடலைத் தடுத்து, மழைநீரை உறிஞ்சிக் கரையோரக் கிணறுகளைக் காத்தவை அவையே.

தென்மராட்சியில் சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் சார்ந்த மணற்பாங்கான நிலம் தென்னைக்கும் மாவுக்கும் பலாவுக்கும் உரியதாயிற்று. வளவுகள் அகன்றவை, ஒரு வளவினுள்ளேயே சோலை அமையும். வரணி, கச்சாய், மட்டுவில் முதலிய இடங்களில் வயல்கள் விரிந்தன. இதற்கப்பால் பச்சிலைப்பள்ளியில் 1840களில் ஐரோப்பியர் தென்னந்தோட்டங்களைத் தொடங்கினர். பெருங்காணி உடைமை குடாநாட்டில் ஓரளவேனும் தோன்றியது அங்கேயேயாம்.

தீவகத்தில் நன்னீர் அரிது. வேலணை, புங்குடுதீவு, காரைநகர் முதலிய தீவுகளில் மாரிநெல்லும், இயன்ற இடங்களிற் புகையிலையும் பயிராயின. கரையொதுங்கும் சாதாளை எருவாயிற்று. நெடுந்தீவில் கல்லடுக்கிய வேலிகளும் பரந்த தரவைகளும் மேய்ச்சலுக்கு உதவின. நிலம் போதாமையால் தீவகத்தார் இலங்கையின் பிற நகரங்களுக்கு வாணிகம் நாடிச் சென்றனர். ஈட்டிய பொருளை மீண்டும் ஊரில் வீடாகவும் கோயிலாகவும் நிறுத்தினர். விளைவு குறைந்த நிலத்தில் பெருவீடுகள் எழுந்தமைக்கு இதுவே விளக்கமாகும்.

மலாயாப் பணமும் இறைப்பு இயந்திரமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலங் கற்ற இளைஞர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் ஏனைய அரச பணிகளிலும் அமர்ந்தனர். 1905இல் வடக்குப் புகையிரதப் பாதை நிறைவுற்றமை தென்னிலங்கை உத்தியோகத்தையும் சந்தையையும் நெருங்கச் செய்தது. வெளியிலிருந்து வந்த காசு காணியிலும் கல்வீட்டிலும் முடங்கியது. சீதனத்துக்குக் காணி இன்றியமையாததாகவே அதன் விலை விளைவின் அளவைக் கடந்து ஏறிற்று. நிலத்தின் பெறுமதி அதன் விளைச்சலிலிருந்து பிரியத் தொடங்கியது இக்காலத்திலேயே எனலாம்.

குடித்தொகை நெருக்கத்துக்கு வடிகாலாக இரணைமடுக் குளத்தின்கீழ் வன்னியில் குடியேற்றங்கள் அமைந்தன. 1950களில் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடல்நீர் உட்புகாவண்ணம் தடுப்பணைகள் கட்டப்பட்டன. கடலேரிகளை நன்னீர்த் தேக்கங்களாக்கும் அத்திட்டம் இறுதிவரை முழுமை பெறவில்லை.

அதே காலத்தில் மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் பரவியது. துலாவில் பலர் ஒருநாள் முழுதும் இறைத்த நீரை இயந்திரம் சில மணிகளில் இறைத்தது. தோட்டம் விரிந்தது, உழைப்பின் கடுமை தணிந்தது. ஆயின் உடலின் களைப்பு இட்டிருந்த எல்லையும் அதனோடு நீங்கியது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் நாடெங்கும் உயர்ந்த விலை பெற்றன. முந்திரிகைச் செய்கையும் பெருகியது. சில பரப்புத் தோட்டத்தால் ஒரு குடும்பம் வாழவும் பிள்ளைகளைப் படிப்பிக்கவும் இயன்ற காலம் அது. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் நெற்காணிக்கு 25 ஏக்கரும் ஏனைய காணிக்கு 50 ஏக்கரும் உச்சவரம்பாக விதித்தது. காணிகள் பரப்புக் கணக்கிற் சிதறிக் கிடந்த குடாநாட்டை அது பெரிதும் தீண்டவில்லை. 1977இன் பின் இறக்குமதி தளர்ந்ததும் விலைகள் வீழ்ந்தன.

இவ்வளர்ச்சியின் மறுபக்கத்தை நிலத்தடி நீர் உணர்த்தியது. 1980களில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருத்தலைக் கண்டன. தோட்டங்களில் இட்ட செயற்கை உரமும், நெருங்கிய குடியிருப்புகளின் மலக்குழிகளும் அதற்குக் காரணங்களாயின. நீரை எளிதில் உள்வாங்கும் சுண்ணாம்புக்கல் அழுக்கையும் எளிதில் உள்வாங்கும். 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை பலருக்குத் தொழிலளித்தது. அதேவேளை அதன் கல்லகழ்வு, செம்மண் போர்த்திருந்த நிலத்தில் ஆழ்ந்த குழிகளை விட்டுச்சென்றது.

போரும் வெறுமையான நிலமும்

1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தனர். சீமெந்துத் தொழிற்சாலையும் அவ்வாண்டிலேயே நின்றது. பலாலி விமானத்தளத்தையும் காங்கேசன்துறையையும் சூழ்ந்த ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயமாயின. அவற்றுள் குடாநாட்டின் மிகச் சிறந்த செம்மண் தோட்டங்கள் அடங்கியிருந்தன. தீவகத்தின் பெரும்பகுதியும் அதே காலப்பகுதியில் மக்களை இழந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ முழுமையாகத் தென்மராட்சிக்கும் அப்பாலும் இடம்பெயர்ந்தபோது, வளவும் தோட்டமும் ஒருங்கே ஆளற்றுக் கிடந்தன.

1981இல் கிளிநொச்சி நீங்கலாக 7,38,000 அளவினதாயிருந்த யாழ்ப்பாண மாவட்டத்துக் குடித்தொகை 2012இல் ஏறத்தாழ 5,83,000 ஆகக் குறைந்திருந்தது. இக்குறைவு எல்லாப் பிரிவுகளிலும் சமமாக நிகழவில்லை. தீவகத்தில் வீடுகள் கூரையிழந்து பற்றைக்குள் மறைய, யாழ்ப்பாண நகரையும் நல்லூரையும் சூழ்ந்த பகுதிகளில் இடம்பெயர்ந்தோர் செறிந்தனர். பதுங்குகுழிகளுக்கெனப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் வெளியாயிற்று. உரிமையாளர் பலர் நீதிமன்றத்தை நாடினர். 2015இலிருந்து காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் மீண்டும் மக்களிடம் வந்தது. கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பியோர் பலர் தம் காணியின் எல்லையைக் கிணற்றைக்கொண்டே அறிந்தனர். வேலி அழிந்திருந்தது, ஒழுங்கை மறைந்திருந்தது, பாறையில் உடைத்த கிணறு மட்டும் அழியாதிருந்தது.

மூடப்படும் செம்மண்

2009இன் பின் நெடுஞ்சாலைகள் அகன்றன. 2014இல் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. வெளிநாடுகளில் வாழ்வோரின் பணம் மலாயாப் பணத்தினும் பன்மடங்காக வந்து சேர்ந்தது. அது சென்ற இடமும் அன்றுபோலவே காணியும் வீடுமாகும். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. மலாயா உத்தியோகத்தர் இளைப்பாறியபின் திரும்பி வந்து தம் வளவில் வாழ்ந்தனர். இன்றைய உரிமையாளர் பலர் அத்திலாந்திக்குக்கு அப்பாலும் ஐரோப்பாவிலும் உள்ளனர். காணி உறவினர் பொறுப்பிலோ பூட்டிய படலைக்குப் பின்னாலோ கிடக்கின்றது. தோட்டஞ் செய்ய நிலமற்றோர் ஒருபுறமும், செய்வாரற்ற நிலம் மறுபுறமுமாக நிற்கும் முரண்பாடு இதனால் விளைந்தது.

கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலி ஆகிய ஊர்களின் மாற்றம் இதனை நன்கு காட்டும். நகருக்கு அண்மையிலுள்ள இவ்வூர்களின் செம்மண் தோட்டங்கள் நகரச் சந்தைக்கு மரக்கறி அளித்தன. 1974இல் திருநெல்வேலியில் அமைந்த பல்கலைக்கழக வளாகம் 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதனைச் சூழ வீடுகளும் விடுதிகளும் கடைகளும் பெருகின. இதே நிலத்தின் அடியிலிருந்துதான் யாழ்ப்பாண நகருக்குக் குழாய்நீரும் எடுக்கப்பட்டு வந்தது. தோட்டம் வளவாகி, வளவு கட்டடமாகி, முற்றம் சீமெந்துத் தளமாகும்போது மழைநீர் இறங்கும் வழி அடைபடுகின்றது; மலக்குழி பெருகுகின்றது; கிணறும் குழியும் நெருங்குகின்றன. பூவரசு வேலி மதிலாக மாறியதும் குழையும் நின்றது. குளங்கள் பல குப்பை கொட்டும் பள்ளங்களாகிப் பின்னர் மேடாகின. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகச் சூழலிற் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கண்ட மக்கள் குடிநீருக்குத் தாங்கிவண்டிகளை எதிர்பார்த்து நின்றமை, செம்மண் நிலத்தின் அடியிலுள்ள செல்வம் எத்துணை எளிதிற் கெடக்கூடியது என்பதை உணர்த்திற்று.

இக்கட்டடங்களுக்கான மணலும் குடாநாட்டிலிருந்தே பெறப்பட்டது. அம்பன், குடத்தனைப் பக்கத்து மணல்மேடுகள் அகழப்பட்டமையால், வலிகாமத்தின் வீட்டுக்கு வடமராட்சியின் காப்பரண் விலையாயிற்று. ஒரு பிரிவின் நிலப்பயன்பாடு மற்றொரு பிரிவின் நிலத்தைப் பாதிக்கும் இத்தொடர்பை ஊர்தோறும் தனித்தனியே அனுமதி வழங்கும் நிர்வாகமுறை காண்பது அரிது.

சட்டத்தின் நோக்கும் இங்கு ஆராயத்தக்கது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் நெற்காணியை அனுமதியின்றி நிரப்புதலைத் தடுக்கின்றது. நெல்லை நாட்டின் முதற்பயிராகக் கொண்ட சிந்தனையின் விளைவு அது. ஆயின் குடாநாட்டில் உழைப்பும் ஊட்டமும் மிகுதியாகத் திரண்டது நெற்காணியிலன்று, செம்மண் தோட்டத்திலேயாம். தோட்டக்காணி அத்துணைக் காப்பின்றி மேட்டுக்காணி எனப் பொதுவாக வகுக்கப்பட்டு, வீட்டுக்கு மிக உகந்த நிலமாக விலைபோகின்றது. அதற்கண்மையில், விளைவு குறைந்த கலட்டி நிலம் வெறுமையாகக் கிடப்பதும் உண்டு.

முடிவுரை

குடாநாட்டின் நிலப்பயன்பாட்டு வரலாறு, மண்ணின் இயல்பு மட்டும் ஒரு பிரதேசத்தின் போக்கை நிருணயிப்பதில்லை என்பதைத் தெளிவாக்குகின்றது. புகையிலைச் சந்தை தோட்டத்தை விரித்தது. தேசவழமை காணியைப் பகுத்தது. மலாயாப் பணம் கல்வீட்டை எழுப்பியது. இயந்திரம் நீரின் எல்லையைத் தளர்த்தியது. போர் ஒரு பிரிவை வெறுமையாக்கி மற்றொரு பிரிவை நெருக்கியது. இவையனைத்தின் சுமையும் ஈற்றில் வலிகாமத்துச் செம்மண்ணின்மேலேயே இறங்கியுள்ளது.

முன்னோர் சூழலியல் என்ற சொல்லை அறிந்திலர். அவர்களின் ஒழுங்கு குற்றமற்றதுமன்று. எனினும் வயலுக்குப் பள்ளமும், தோட்டத்துக்கு ஆழ்ந்த செம்மண்ணும், மேய்ச்சலுக்குத் தரவையும், நீருக்குக் குளமும் எனப் பகுத்து வைத்த முறையில் ஒரு கணக்கு இருந்தது. அக்கணக்கை இன்றைய தேவைக்கேற்ப மீள எழுதுதல் இயலும். செம்மண் தோட்டங்களை நெற்காணிக்கு ஒப்பான காப்புக்கு உட்படுத்தலும், புதிய குடியிருப்பைக் கலட்டி நிலங்களுக்கும் கைவிடப்பட்ட வளவுகளுக்கும் திருப்புதலும், குளங்களை அயற்கிணறுகளின் தாயாகக் கருதித் தூர்வாரிக் காத்தலும், உரிமையாளர் வெளிநாட்டில் உள்ள காணிகளை உரிமை கெடாவகையில் செய்கைக்குக் குத்தகையாகக் கொடுக்கும் ஒழுங்கை வகுத்தலும் அவற்றுட் சில. ஒற்றி முறையை வகுத்துப் பேணிய சமூகத்துக்குக் கடைசியிற் கூறியது புதியதொரு எண்ணமாகாது.

2024ஆம் ஆண்டில் வடமராட்சிக் கிழக்கின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குடிநீருக்கு அல்லலுறும் மக்களுக்கு அது வேண்டிய உதவியே. ஆயின் கடல்நீரைக் குடிநீராக்கப் பொறி உண்டு. சீமெந்தின்கீழ் மறைந்த ஒரு பரப்புச் செம்மண்ணை மீண்டும் தோட்டமாக்கும் பொறி இல்லை. பல தலைமுறைகள் குழை தாழ்த்து ஆக்கிய நிலத்தைக் காப்பதா, மூடுவதா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு அந்நிலத்தை வரகுப் பரப்பால் அளந்தோரின் வழித்தோன்றல்களிடம் உள்ளது.